சாரலும் உறைபனியும்: குடியிருந்துகொண்டே கேரவனைக் காத்தல்

படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள் கொண்டு, தானே ஓடும் ஊர்தியாகவோ, காரின் பின்னால் பூட்டி இழுக்கப்படும் இழுவை வண்டியாகவோ அமையும் நடமாடும் வீடே கேரவன் எனப்படுகிறது. திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் மட்டுமே தமிழர் கண்டுவந்த இவ்வண்டி, கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்ததற்கும், தமிழ்நாட்டின் 2023ஆம் ஆண்டுச் சுற்றுலாக் கொள்கை கேரவன் சுற்றுலாவை முன்னுரிமைப் பிரிவுகளுள் ஒன்றாகச் சேர்த்ததற்கும் பின்னர், குடும்பங்கள் வாடகைக்கு எடுத்துச் செல்லும் வண்டியாகவும் மாறத் தொடங்கியுள்ளது. குளிர்நாடுகளில் இத்தகைய வண்டியின் பெரும்பகை, குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து அவற்றைப் பிளப்பதாகும். அதனால் அங்குள்ளோர் குளிர்காலத்தில் தண்ணீரை முழுவதும் வடித்து வண்டியைப் பூட்டி வைக்கின்றனர், அல்லது உறையாமல் காத்துக்கொண்டே அதில் வாழும் முறைகளைக் கற்கின்றனர்.

குற்றாலத்தில் தண்ணீர் உறைவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் அமைந்த ஊர் அது. ஆயினும் அங்கும் கேரவனுக்கு ஒரு கடினமான பருவம் உண்டு. அருவிகளில் தண்ணீர் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சீசனில்தான் வண்டியின் மரப்பலகை ஓதம் காக்கிறது, மெத்தை பூசணம் பிடிக்கிறது, அடிச்சட்டத்தில் துரு ஏறுகிறது. அப்பருவத்தை அனுபவிப்பதற்காகவே பயணியர் வருவதால், வண்டியைப் பூட்டி வைத்துக் காக்கும் வழி அவர்களுக்குப் பயன்படாது. ஆகவே, குடியிருந்துகொண்டே ஈரத்தை வெளியேற்றும் முறைகளை இவ்வியல் முதலில் விளக்குகிறது. பின்னர், அதே வண்டி மார்கழி, தை மாதங்களில் மூணாறு, கொடைக்கானல், உதகமண்டலம் போன்ற மலையூர்களுக்கு ஏறும்போது உறைபனியிலிருந்து அதைக் காக்கும் முறைகளைக் கூறுகிறது.

1. சாரலின் இயல்பு

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தன் மழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கத்தில் பெய்துவிடுவதால், மலைக்குக் கிழக்கே உள்ள திருநெல்வேலிச் சீமை அப்பருவத்தில் பெரும்பாலும் வறண்டே இருக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலைத்தொடர் தாழ்ந்து இடைவெளி விடுவதால், அவ்வழியே புகும் காற்று மேகத்தையும் நுண்துளிகளையும் குற்றாலம், தென்காசி, செங்கோட்டைப் பகுதிகளுக்குக் கொண்டுவந்து தூவுகிறது. இதுவே சாரல். இது நேராகக் கொட்டும் மழையன்று. காற்றோடு சாய்ந்தும், சில வேளைகளில் கிடையாகவும் வரும் தூறல்.

இந்த இயல்பிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. மேலிருந்து விழும் மழையைத் தடுக்குமாறு அமைக்கப்பட்ட கூரைத் திறப்புகளும் சன்னல் தட்டிகளும், பக்கவாட்டில் வரும் துளியைத் தடுப்பதில்லை என்பது முதலாவது. மழையளவு குறைவாக இருந்தாலும் காற்றின் ஈரப்பதம் நாள் முழுவதும் மிகுந்தே இருப்பதால், ஒருமுறை நனைந்த பொருள் தானாக உலர்வதில்லை என்பது இரண்டாவது. இடையிடையே மேகம் விலகி வெயில் எட்டிப் பார்க்கும் அரைமணி நேரத்தைத் தவறவிடாமல் பயன்படுத்துவது, குற்றாலத்தில் தங்குவோர் கைக்கொள்ள வேண்டிய முதல் ஒழுங்காகும்.

2. ஈரம் உள்ளிருந்தே உருவாகும் விதம்

வண்டிக்குள் காணப்படும் ஈரம் முழுவதும் வெளியிலிருந்து கசிந்தது என்று கருதுவது பொதுவான பிழை. கூரை சிறிதும் ஒழுகாத புதிய வண்டியிலும், காலையில் கண்ணாடியில் நீர் வழிந்து நிற்பதைக் காணலாம். அந்நீர் உள்ளே இருப்பவர்களின் மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் ஈரத் துணியிலிருந்தும் வந்ததாகும்.

இதைக் கணக்கிட்டு அறியலாம். உறங்கும் ஒருவர் மூச்சாலும் தோலாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை வெளியிடுகிறார். நால்வர் 8 மணி நேரம் உறங்கினால் ஏறத்தாழ 1.3 லிட்டர் தண்ணீர் ஆவியாக வண்டிக்குள் சேர்கிறது. 5 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 20 கன மீட்டர். 25 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 23 கிராம் நீராவியையே தாங்கும் என்பதால், அவ்வறையின் காற்று முழுவதும் தாங்கக்கூடியது 460 கிராம் மட்டுமே. சாரல் நாளில் அதில் ஐந்தில் நான்கு பங்கு முன்பே நிறைந்திருக்கும். எஞ்சிய இடம் 100 கிராமுக்கும் குறைவு. அடைத்துப் பூட்டிய வண்டியில் அவ்விடம் முதல் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு வெளிப்படும் ஒவ்வொரு துளியும் கண்ணாடியிலோ, உலோகச் சட்டத்திலோ, மெத்தையின் அடிப்புறத்திலோ நீராகப் படிந்தாக வேண்டும்.

காற்று தாங்கக்கூடிய அளவில் எவ்வளவு பங்கு நீராவி நிறைந்துள்ளது என்பதைச் சதவீதத்தில் கூறுவது ஒப்பு ஈரப்பதம். எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அந்நீராவி நீராகப் படியத் தொடங்குமோ அது பனிநிலை. ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் ஒப்பு ஈரப்பதம் நெடுநேரம் 80 சதவீதத்துக்கு மேல் நிற்குமானால் அங்கே பூசணம் வளரும். ஆதலால், சிறிய ஈரப்பதமானி ஒன்றை மெத்தைக்கு அருகில் மாட்டி, காலையும் மாலையும் பார்த்து வருவது, முடை நாற்றம் எழுந்த பிறகு காரணம் தேடுவதைவிட மேலானது.

எரிவாயு அடுப்பும் நீரை உண்டாக்குகிறது. சமையல் எரிவாயு எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாவதால், 1 கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் பிறக்கிறது. குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடேற்றுவோர், உயிருக்கு ஊறு தேடுவதோடு வண்டிக்குள் ஈரத்தையும் பெருக்குகின்றனர்.

3. காற்றோட்டம்

வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது அதை உள்ளே விடுவதால் என்ன பயன் என்ற ஐயம் இயல்பானது. மனிதர் தங்கும் அறை வெளியைவிட இரண்டு மூன்று பாகை வெப்பமாகவே இருக்கும் என்பதில் இதற்கு விடை உள்ளது. வெளியே 24 பாகையில் 85 சதவீத ஈரப்பதத்தோடு உள்ள காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 18.5 கிராம் நீராவி இருக்கிறது. அதே காற்று உள்ளே வந்து 27 பாகைக்கு வெப்பமடைந்தால், அதன் தாங்குதிறன் 25.8 கிராமாக உயர்வதால், ஒப்பு ஈரப்பதம் 72 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. அவ்வாறு உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும், ஈரப்பதம் 80 சதவீதத்தை எட்டுவதற்குள் 2 கிராம் நீராவியை ஏற்று வெளியே எடுத்துச் செல்லும்.

நால்வர் மணிக்கு 160 கிராம் வெளியிடுவதால், மணிக்கு 80 கன மீட்டர் காற்று மாற வேண்டும். அதாவது மேற்கூறிய அறையின் காற்று மணிக்கு 4 முறை புதிதாக வேண்டும். கணினிப் பெட்டிக்குள் பொருத்தப்படும் 12 சென்டிமீட்டர் விசிறியின் அளவே உள்ள 12 வோல்ட் வெளியேற்று விசிறி இப்பணியைச் செய்யப் போதுமானது. இரவு முழுவதும் ஓடினாலும் அது மின்கலத்திலிருந்து 2 ஆம்பியர்-மணி அளவே எடுக்கும். விசிறியைக் கூரையருகே வெளியேற்றும் திசையில் பொருத்தி, எதிர்ப்பக்கத்தில் தாழ்வான இடத்தில் காற்று புகும் திறப்பு ஒன்றை எப்போதும் திறந்தே வைக்க வேண்டும். காற்று மேற்கிலிருந்து வருவதால், நுழைதிறப்பும் கதவும் கிழக்கு நோக்கி அமையுமாறு வண்டியை நிறுத்தினால் சாரல் உள்ளே அடிக்காது.

குற்றாலத்துக்கே உரிய மற்றொரு எச்சரிக்கையும் இங்கே கூறத்தக்கது. அருவிக் கரைகளிலும் சாலையோர மரங்களிலும் குரங்குகள் மிகுதி. திறந்த சன்னல் வழியே உணவைத் தேடி அவை உள்ளே நுழைந்துவிடும். ஆகையால் எல்லாத் திறப்புகளுக்கும் கெட்டியான கம்பி வலை இருக்க வேண்டும். கொசுவலை மட்டும் கட்டினால் அது கிழிந்துபோகும்.

4. ஈரத் துணியும் மெத்தையும்

குற்றாலம் வரும் குடும்பம் ஒரே நாளில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எனப் பல இடங்களில் குளிப்பதால், ஒவ்வொரு குளியலும் நனைந்த துண்டுகளையும் ஆடைகளையும் வண்டிக்குள் கொண்டுவருகிறது. தடித்த பூத்துவாலை ஒன்று, பிழிந்த பிறகும் கால் லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தாங்கி நிற்கக்கூடும். நால்வரின் துணிகளை உள்ளே கொடி கட்டி உலர்த்தினால், ஓர் இரவின் மூச்சீரத்துக்கு நிகரான ஈரம் மீண்டும் காற்றில் கலக்கும். எளிதில் உலரும் ஈரிழைத் துண்டே சாரல் காலத்துக்கு உகந்தது. ஈரத் துணியை வண்டியின் கிழக்குப் பக்கம் விரித்த முன்கூரையின் கீழ் உலர்த்த வேண்டும். அது இயலாதபோது மூடியுள்ள வாளியில் இட்டுவைத்து, வெயில் வரும்போது எடுக்க வேண்டும்.

மெத்தையின் அடிப்புறமே வண்டிக்குள் மிக விரைவில் பூசணம் பிடிக்கும் இடம். உடல் வெப்பத்தால் கீழிறங்கும் நீராவி குளிர்ந்த பலகையைத் தொட்டு நீராகிவிடுவதால், பலகையின்மேல் நேராக மெத்தையை இடாமல், இரண்டு விரற்கடை இடைவெளி உள்ள மரச்சட்டங்களின்மேல் இட்டு, நாள்தோறும் காலையில் அதை நிமிர்த்தி வைக்க வேண்டும். அலமாரிக் கதவுகளையும் பகலில் திறந்தே வைக்க வேண்டும்.

5. குளிர்சாதனம்

அறையைக் குளிர்விக்கும் குளிர்சாதனம் காற்றிலுள்ள நீராவியைப் பிரித்து வெளியேற்றுவதால் ஈரத்தைக் குறைக்கும் கருவியாகவும் பயன்படுகிறது; ஆனால் தவறாக இயக்கினால் அதுவே சுவரைக் கெடுக்கும். மேலே கூறிய சாரல் நாளின் வெளிக்காற்றுக்குப் பனிநிலை ஏறத்தாழ 21 பாகை. உள்ளறையை அதற்குக் கீழே குளிர்வித்தால், சுவரின் இடுக்குகள் வழியே புகும் வெளிக்காற்று உள்தகட்டின் பின்புறத்தில் நீராகப் படிந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மரத்தை அழுகச் செய்யும். குளிர்சாதனத்தை 26 பாகைக்குக் கீழே இறக்காமலும், உலர்த்தும் முறை இருந்தால் அதில் வைத்தும் இயக்குவது இத்தீங்கைத் தவிர்க்கும். அதன் வடிநீர்க் குழாய் அடைபடாமல் வண்டிக்கு வெளியே சொட்டுகிறதா என்பதை நாள்தோறும் பார்க்க வேண்டும்.

6. கூரை, பலகை, அடிச்சட்டம்

கூரையின் இணைப்புகள், சன்னல் விளிம்புகள், ஆணிகள் ஆகிய மூன்றிடங்களிலேயே கசிவு தொடங்குகிறது. சீசனுக்கு முன், வெயில் உள்ள மே மாதத்திலேயே, பழைய அடைப்புப் பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். பழையதன்மேல் புதியதைத் தடவுவது நீரை உள்ளேயே சிறைப்படுத்திவிடும்.

உள்வேலைக்கு ஒட்டுப்பலகை வாங்குவோர், ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர எண் பொறித்த மெரைன் பிளைவுட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஈரத்தை ஓரளவே தாங்கும் சாதாரண வகை சில சீசன்களிலேயே விளிம்பில் உப்பிப் பிரியும். எந்தப் பலகையாயினும் நீரை உறிஞ்சுவது வெட்டிய விளிம்பு வழியே என்பதால், விளிம்புகளுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் அவசியம். விசிறிக்காகவோ சன்னலுக்காகவோ புதிய துளை இடுமுன், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக ஊர்தியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதை நினைவிற்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

சேறும் தேங்கிய நீரும் அடிச்சட்டத்தின் மூலைகளில் ஒட்டியிருக்கும்வரை துரு ஏறிக்கொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை அடிப்புறத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி உலரவிட வேண்டும். தண்ணீர் நிறைந்த சாலையைக் கடந்தபின், மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை மெல்ல அழுத்தி அதை உலர்த்திக்கொள்வது உயிர்காக்கும் பழக்கம்.

7. மின்சாரம், நிறுத்துமிடம்

ஈரமும் 230 வோல்ட் மின்சாரமும் சேரும் இடத்தில் பிழைக்கு இடமில்லை. வெளியிலிருந்து மின்னிணைப்பு எடுக்கும் ஒவ்வொரு வண்டியிலும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியும் முறையான நில இணைப்பும் இருக்க வேண்டும். இணைப்புக் கம்பியின் பிளக் தரையில் கிடக்கக் கூடாது. ஈரக் கையோடும் நனைந்த காலோடும் அதைத் தொடக் கூடாது.

மலையில் பெய்யும் மழை ஊரில் தெரியாமலேயே ஓடைகளில் திடீர் வெள்ளமாக இறங்கக்கூடும். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் அவ்வாறு வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. ஆகவே, அருவியின் ஓசை கேட்கும் அழகான ஓடைக்கரையில் இரவில் வண்டியை நிறுத்துவதை அறவே தவிர்க்க வேண்டும். உயர்ந்த, கெட்டியான, நீர் தேங்காத தரையே தங்குவதற்கு உரியது. கழிவுநீரைச் சிற்றாற்றிலோ அதன் கால்வாய்களிலோ திறந்துவிடுவது, கீழே அதே நீரைப் பயன்படுத்தும் ஊர்களுக்குச் செய்யும் கொடுமை; கழிவுத் தொட்டியை உரிய இடத்தில் மட்டுமே காலி செய்ய வேண்டும்.

8. மலையேறும்போது: உறைபனி

1,000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6.5 பாகை வீதம் வெப்பம் குறைவதால், குற்றாலத்தில் இதமாக உள்ள மார்கழி இரவு, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் கடுங்குளிராகிறது. மேகமற்ற, காற்றற்ற இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிட, குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. அதனால்தான் உதகை வட்டாரத்திலுள்ள தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற தாழ்நிலப் புல்வெளிகளிலும் நீர்நிலைக் கரைகளிலும் உறைபனி முதலில் படிகிறது. வண்டியைப் பள்ளத்தின் அடியில் நிறுத்தாமல், சரிவின் நடுவே, காய்ந்த கிளைகள் இல்லாத மரநிழலில் நிறுத்தினால், உறைபனியின் கடுமை பெரிதும் குறையும்.

தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுவதே குழாய் வெடிப்பதற்குக் காரணம். ஆனால் வண்டியில் உள்ள எல்லா நீரும் ஒரே வேகத்தில் உறைவதில்லை. 100 லிட்டர் தொட்டி, விடியலுக்கு முந்திய சில மணி நேரமே நீடிக்கும் நம் மலைகளின் உறைகுளிரில் உறையாது. ஏனெனில் 1 கிலோ நீர் உறைவதற்கு 334 கிலோஜூல் வெப்பத்தை இழக்க வேண்டும். மெல்லிய வெளிக்குழாயில் இருப்பதோ சில நூறு கிராம் நீர்; அது விரைவில் கட்டியாகிவிடும். ஆகவே வண்டியின் அடியிலும் வெளிச்சுவரிலும் செல்லும் குழாய்கள், மோட்டார், வெந்நீர்க் கொதிகலன் ஆகியவற்றை மட்டும் மாலையில் வடித்துக் குழாய்வாய்களைத் திறந்து வைத்து, இரவுத் தேவைக்குத் தண்ணீரைக் குடங்களில் உள்ளே வைத்துக்கொண்டால், குடியிருப்பும் தடைபடாது, குழாயும் வெடிக்காது. லடாக் போன்ற இடங்களுக்கு இம்முறை போதாது; அங்கே தொட்டி உட்பட அனைத்தையும் வடித்துவிட வேண்டும்.

மேலும் மூன்று பொருள்கள் கவனத்துக்குரியன. ஈய அமில மின்கலம் முழு மின்னேற்றத்தோடு இருந்தால் நம் மலைகளில் உறையாது. தீர்ந்துபோன நிலையில் அதன் அமிலம் நீர்த்து உறையக்கூடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தைச் சுழியப் பாகைக்குக் கீழ் மின்னேற்றினால் அது நிலையாகக் கெடும் என்பதால், வெயில் ஏறிய பிறகே சூரியத்தகட்டை இணைக்க வேண்டும். இயந்திரத்தின் ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருப்போர், மலையேறுமுன் அதை வடித்துவிட்டு உறையெதிர்ப்புக் கலவையை நிரப்ப வேண்டும்.

குளிர் மிகும்போது கதவைச் சாத்திவிட்டுக் கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ கணப்பாக வைப்பது கொலைக்கு ஒப்பாகும். போதிய காற்றின்றி எரியும் நெருப்பிலிருந்து பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை; உறங்குவோர் விழிக்காமலே இறக்கின்றனர். கம்பளி, காதுமறைப்புத் தொப்பி, வெந்நீர்ப் பை ஆகியவையே இரவுக்குப் போதும். எவ்வளவு குளிரானாலும் காற்றுத் திறப்பை அடைக்கக் கூடாது. அடைத்த வண்டியின் சுவர்களில் மூச்சீரம் படிந்து, குற்றாலத்தில் தவிர்த்த ஓதம் மலையில் வந்து சேரும்.

9. பயணம் முடிந்தபின்

ஊர் திரும்பியதும் கதவு, சன்னல், அலமாரி அனைத்தையும் திறந்து, மெத்தைகளை வெளியே எடுத்து, இரண்டு முழு நாள் வெயிலில் வண்டியை நிறுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டியை வடித்து உலர்த்தி மூட வேண்டும். இல்லையெனில் அதில் கொசு முட்டையிடும். விரலால் அழுத்தினால் மெதுவாக உள்வாங்கும் பலகை எங்கேனும் இருந்தால், அங்கே கசிவு உள்ளதென்று கொண்டு உடனே பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேரவன் வாங்க நினைப்போரும் வாடகைக்கு எடுப்போரும் தொலைக்காட்சியின் அகலத்தையும் இருக்கையின் மென்மையையும் பார்ப்பதற்கு முன், காற்று புகும் வழியும் வெளியேறும் வழியும் எங்கே உள்ளன, குழாய்களை வடிக்கும் திருகு எங்கே உள்ளது, கசிவு மின்துண்டிப்பான் உள்ளதா என்ற மூன்று கேள்விகளை வண்டிக்காரரிடம் தவறாமல் கேட்க வேண்டும். இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத வண்டியைச் சாரலுக்கும் பனிக்கும் எடுத்துச் செல்லாதிருப்பதே நன்று.